நீலமாகாத முகவரி

நாங்கள் தட்டிக் கதைத்த மெசெஞ்சரில் யாராவது ஒரு இணையப் பக்கத்தின் முகவரியை அனுப்பினால், அது வந்து விழுந்தவுடனே நீல நிறமாகும். கீழே ஒரு கோடும் விழும். கோடு விழுந்த பிறகு அதை மவுஸால் அழுத்தலாம், பக்கம் திறக்கும். என் கணவர் சுவிஸிலிருந்து அனுப்பிய முகவரி மட்டும் நீலமாகவில்லை. மற்ற எழுத்துகளோடு எழுத்தாகக் கறுப்பாகவே கிடந்தது. எத்தனை தரம் அழுத்தினாலும் அசையாது. அந்தப் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. அவருடைய முகத்தை நான் பார்த்து அப்போது எட்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது.

கலியாணம் செய்து இரண்டு வருடம் சேர்ந்திருந்தோம். பிறகு அவர் போனார். போகும்போது அவருக்கு முப்பத்தாறு வயது. விசா விசாரணை முடியாதபடியால் அவர் இங்கே வரவும் முடியாது, என்னை அங்கே கூப்பிடவும் முடியாது. நான் பூவரசங்குளத்தில் அவருடைய அக்காவோடு, அதாவது என் மச்சாளோடு இருந்தேன். ஊர் மருந்தகத்தில் மருந்து கொடுப்பது என் வேலை. மச்சாள் வீட்டையும் இரண்டு மாடுகளையும் என்னையும் பார்த்துக்கொண்டா.

கலியாண ஆல்பம் எங்களிடம் இருந்ததுதான். ஒரு இடப்பெயர்வில் றங்குப்பெட்டிக்குள் மழைத்தண்ணீர் போய்விட்டது. காயவைத்துப் பிரித்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மெதுவாகத்தான் பிரித்தேன். முகங்கள் எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டன. பட்டுவேட்டியும் மாலையும் மிஞ்சின. அதன் பிறகு என்னிடம் இருந்தது அவருடைய அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. அதில் கண் இரண்டும் மூக்கும் கறுப்புப் புள்ளிகள். தபாலில் போட்ட படங்கள் வந்து சேரவில்லை. சுவிஸிலிருந்து ஒரு முறை ஆள் கையில் ஒரு படம் கொடுத்துவிட்டிருந்தார். பனிக்குள் நிற்கிறார். கம்பளித் தொப்பி நெற்றியை மூடுகிறது, சால்வை வாயை மூடுகிறது. "இது ஆராயும் இருக்கலாம். வெள்ளைக்காரனாக்கூட இருக்கலாம்" என்றா மச்சாள்.

குரல் இருந்தது. மாதத்தில் ஒரு தரம் ரெலிபோன் கடைக்கு எடுத்துக் கதைப்பார். முகம்தான் என்னிடமிருந்து கழன்று போய்க்கொண்டிருந்தது. புருவம் தனியாக நினைவு வரும். சிரிக்கும்போது கன்னத்தில் விழும் மடிப்பு தனியாக வரும். காது வரும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் போனால் ஒன்றும் நிற்காது. மருந்துப் போத்தல்களில் பெயர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது சில நாள் திடீரென்று முழு முகமும் வந்துவிட்டுப் போகும். கையை நிறுத்தினால் போய்விடும் என்று தெரிந்து, நிறுத்தாமல் ஒட்டிக்கொண்டே இருப்பேன்.

போர்நிறுத்தம் வந்து, பாதை திறந்து ஓரளவு அமைதியாக இருந்த காலம் அது. வவுனியா பட்டணத்தில் இன்ரநெற் கடைகள் வந்தன. நான் போனது ஒரு புடவைக்கடைக்கு. கடையின் ஒரு பாதியில் சீத்தைத் துணியும் சாரமும், மறுபாதியில் பலகைத் தடுப்பு வைத்து நாலு கொம்பியூட்டர். உள்ளே போனால் புதுத் துணி வாசமும் சூடான வயர் வாசமும் சேர்ந்து வரும். கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம் ஆள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் ஆட்களை வெளியேற்றியபோது ஊரைவிட்டுப் போய் புத்தளத்தில் இருந்தவர். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், "திரும்பிக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப வவுனியா மட்டும் வந்திருக்கிறன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் எடுத்துப் போவேன். வழியில் ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏறவேண்டும். சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த என் கணவருக்கு ஞாயிறு காலை ஓய்வு. அங்கே காலை என்றால் இங்கே பின்னேரம் தொடங்கும் நேரம். அவருடைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் கொம்பியூட்டர் இருந்தது. அங்கேயிருந்து அவர் தட்டுவார். ரெலிபோனில் ஒரு கதை முடிவதற்குள் காசு முடிந்துவிடும். மெசெஞ்சரில் ஆறுதலாகக் கதைக்கலாம்.

படத்தை இமெயில் கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். நானாவின் கடையில் அது முடியாது. யாரோ ஒருவருக்கு வந்த இணைப்பைத் திறந்து, அதிலிருந்த வைரஸ் நாலு கொம்பியூட்டரையும் படுக்கவைத்து, கொழும்பிலிருந்து ஆள் வந்து பார்த்த பிறகு அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்: "கடிதத்துடன் வரும் எதையும் திறக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது." இரண்டாவது வசனம் முதல் வசனம் ஒட்டி ஒரு கிழமைக்குப் பிறகு சேர்த்தது. அதனால் சிநேகிதர் படங்களை ஒரு இணையப் பக்கத்தில் போட்டுவிட்டு, அதன் முகவரியை எனக்கு அனுப்பும்படி என் கணவரிடம் கொடுத்தார். முகவரியை அழுத்தினால் பக்கம் திறக்கும். பக்கத்தில் அவர் இருப்பார். அவ்வளவு சுலபம் என்று சொன்னார்கள்.

தமிழில் கதைப்பதற்கு நாங்கள் செய்ததையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. கொம்பியூட்டருக்குள் இருப்பது இங்கிலீஸ் எழுத்துகள்தான். அதன்மேல் ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டால் திரையில் தமிழாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே எழுத்துரு இருந்தால் போதும். ஆனால் இங்கிலீஸில் வரவேண்டியதும் தமிழ் எழுத்தாகத்தான் தெரியும். எல்லா இணைய முகவரியிலும் தொடக்கத்தில் வரும் மூன்று ஒரே எழுத்துகள் "றறற" என்று வரும். கடைசியில் "உழஅ" என்று முடியும். முதல் நாள் அவர் அனுப்பியதைப் பார்த்து, சுவிஸில் அவருக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அது உடுப்பு மட்டுந்தான் மிஸ்" என்றார் நானா. மருந்து கொடுப்பதால் என்னை மிஸ் என்பார். "உள்ளுக்க ஆள் மாறயில்லை. எந்த உடுப்புப் போட்டாலும் லிங் எண்டா நீலமாகும்."

"இது ஆகயில்லையே நானா."

அவர் எழுத்துகளின் கடைசிப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். "பின்னால புள்ளி கிள்ளி ஒட்டியிருக்கோ பாருங்கோ. அதால வாற பிழைதான் கூட."

புள்ளி இல்லை. அதைப் பிரதி எடுத்து மேலேயுள்ள நீளப் பெட்டியில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஒட்டினேன். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று வந்தது. அந்தக் கடையில் லைன் விழும்போதெல்லாம் அதே அறிவித்தல்தான் வரும். "லைன்" என்று நானா சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போனார்.

அடுத்த கிழமையும் அப்படித்தான். லைன் நன்றாக இருந்த கிழமையிலும் அப்படித்தான். எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஓமந்தையிலிருந்து ஒரு அம்மா வந்து இருப்பா. மகன் கனடாவில். அவாவுக்கு வாசிக்கத் தெரியாது, நானாவின் மனைவி வாசித்துச் சொல்லுவா. மகன் அனுப்பும் முகவரிகள் எல்லாம் வந்தவுடனே நீலமாகும். அழுத்தினால் பேரப்பிள்ளை தொட்டியில் குளிக்கும், கேக் வெட்டும், சும்மா நிற்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன். அந்த அம்மா என் திரையைப் பார்க்காமல் இருக்கப் பழகவில்லை.

"பிள்ளை, உம்மட ஆளிட்டச் சொல்லும், நீலக் கலர்ல அனுப்பச் சொல்லி. என்ர மகன் அப்பிடித்தான் அனுப்புறவன்."

வேறு வழி தெரியாமல் அதையும் அவருக்கு எழுதினேன். அடுத்த கிழமை முகவரி நீலமாகவே வந்தது. உடனே அழுத்தினேன். ஒன்றுமில்லை. கோடு இல்லாததை அதற்குப் பிறகுதான் கண்டேன். எழுத்தின் நிறத்தை மாற்றிவிட்டு அனுப்பியிருந்தார். அன்றைக்கு முழுவதும் அவர் எழுதியது எல்லாம் நீலம்.

வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கேட்டா. "இண்டைக்கும் கறுப்போ?"

"இண்டைக்கு நீலம் மச்சாள். ஆனா திறக்கயில்லை."

"நல்லது. அவன் சின்னனிலயும் இப்பிடித்தான். கொய்யாக்காய் பழுக்கயில்லை எண்டு மஞ்சள் பூசி வைச்சவன்."

ஒழுங்காகச் செய்வதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு நோய்க்கு மருந்து பிடிக்காவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. அந்த முகவரியையும் அப்படியே பார்த்தேன். ஒரு கிழமை நீளம் கூடியதால் இரண்டு வரியாக உடைந்ததா என்று பார்த்தேன். உடைந்தால் முதல் வரி மட்டும் நீலமாகும், இரண்டாம் வரி கறுப்பாகக் கிடக்கும் என்று நானா சொல்லியிருந்தார். எங்களுடையது இரண்டுமே கறுப்பு. இன்னொரு கிழமை மெசெஞ்சரை விட்டுக் கடிதமாக அனுப்பச் சொன்னேன். நானாவின் கடையில் கடிதம் வாசிக்கும் பக்கத்தில் யாருடைய முகவரியும் நீலமாவதில்லை, அது அதற்குத் தெரியாத வேலை. அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினேன். பழைய அறிவித்தலே வந்தது. வேறொரு மெசெஞ்சரிலும் முயன்றோம். சிலவற்றில் "றறற" என்று தொடங்கினாலே நீலமாகுமாம், சிலவற்றில் அதற்கு முன்னால் வரும் நாலு எழுத்தும் இரண்டு சாய்கோடும் கட்டாயம் வேண்டுமாம். எங்களுடைய முகவரியில் எல்லாமே இருந்தன. ஆனாலும் அது நீலமாகவில்லை.

அவருக்கும் சலிப்பு வந்தது. "உவிடும், படம் என்னத்துக்கு. நான் இருக்கிறன்தானே" என்று எழுதினார்.

அவருடைய வசனத்தின் முன்னால் நிற்கும் "உ" பிள்ளையார் சுழி. அதை நான் இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவர் அப்படியே அனுப்புவார். எங்கள் ஆட்கள் கடிதத்தின் தலையில் அதைப் போட்டுத்தான் தொடங்குவார்கள். அவர் கடைச் சாமான் துண்டுக்கும் போடுவார், பஸ் நேரம் குறிக்கும் சிகரெட் மட்டைக்கும் போடுவார். ஒரு விரலால் தட்டுகிறவர். நீளமாக யோசித்து, ஒரு வசனம் தட்டி, ஒரு தரம் அனுப்புவார். அனுப்பும் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு கடிதம். ஒவ்வொன்றின் தலையிலும் சுழி. பிறகு இடைவெளி விடாமல் விஷயம். "உசாப்பிட்டீரோ." "உஇஞ்ச மழை." முதல் ஞாயிற்றுக்கிழமையே என் கண் அதைத் தாண்டி வாசிக்கப் பழகிவிட்டது. வீட்டுக்குள் போகும்போது வாசல்நிலையைப் பார்த்துக்கொண்டா போகிறோம்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் முழுதாக விழுந்துவிட்டது. வேறு ஆட்களும் வரவில்லை. கடைசியாக வந்த கதை மட்டும் என் திரையில் நின்றது. நானா இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்து, ஒன்றை எனக்கு வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் இருந்து சும்மா வாசித்தார். மற்றவர்களின் கதையை வாசிப்பது சரியில்லை என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை.

"ஐயா என்ன மிஸ், எல்லாத்துக்கும் முன்னால உ போடுறார்?"

"அது சுழி நானா."

"ஓம், பிள்ளையார் சுழி. முல்லைத்தீவில எங்கட கடைக்கு வாற ஆக்கள் துண்டில போட்டுக்கொண்டு வருவினம். நாங்கள் அல்லாட பேருக்குப் பில்லில 786 போட்டுக் குடுப்பம்." அவர் தேநீரை ஊதினார். பிறகு விரலைத் திரையில் வைத்தார். "லிங்குக்கு முன்னாலயும் போட்டிருக்கிறாரே."

நான் பார்த்தேன். போட்டிருந்தார்.

அந்த "உ"வை நான் பார்க்காமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. முகவரியைப் பிரதி எடுத்து மேலே ஒட்டும்போது அது இங்கிலீஸ் எழுத்தாக மாறி முன்னால் நிற்கும். முகவரியின் கடைசியிலும் "உழஅ" என்று அதே எழுத்து வருவதால், முன்னால் நிற்பதும் முகவரியின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தேன். நானா எப்போதும் வால் பக்கத்தையே பார்த்தார். தலைப் பக்கத்தை இருவரும் பார்க்கவில்லை.

"அது பிழையோ நானா?"

"பிழையெண்டு சொல்லாதேங்கோ, பாவம் வரும்." சிரித்தார். "ஆனா பாருங்கோ மிஸ், நான் பில்லுக்கு 786 போடுறனான். ரெலிபோன் நம்பருக்கு முன்னால 786 போட்டு டயல் பண்ணினா ஆர் எடுக்கப்போறான்?"

அவர் விளங்கப்படுத்தினார். மெசெஞ்சர் ஒவ்வொரு சொல்லையும் அதன் தலையில்தான் பார்க்கிறது. அந்த நாலு எழுத்தில் தொடங்கினால் முகவரி என்று எடுத்து நீலமாக்கிவிடும். வேறு ஒரு எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் சொல், கறுப்பாகவே விட்டுவிடும். நடுவில் ஒரு இடைவெளி இருந்தால்கூடப் போதும். ஒரு இடைவெளி. சுவிஸில் ஒரு மனிதர் ஒரு விரலால் தட்டும்போது வேலை மிச்சம் என்று விட்டுவிட்ட ஒரு இடைவெளி.

அந்தச் சுழியை நானே அழித்துப் பார்த்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு லைன் திரும்பவே இல்லை. மழைக்குள் பஸ்ஸுக்கு நின்றபோது, வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாளும் வெளிக்கிட்டா. பொட்டு வைத்து, நல்ல சேலை உடுத்தியிருந்தா. "அவன் என்னைப் பார்க்கப் போறதில்லைத்தான். எண்டாலும்" என்றா. சாவடியில் அவாவின் பைக்குள் ஒரு சரை எள்ளுருண்டை இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நானாவுக்குக் கொடுத்தா.

என் கணவர் மெசெஞ்சரில் வந்தவுடனே நான் எழுதினேன். "லிங்குக்கு முன்னால சுழி போடாதேங்கோ. அதாலதான் நீலமாகயில்லை."

பிறகு: "உஇவ்வளவு நாளும் பிள்ளையாரோ மறிச்சவர்?"

"அவர் மறிக்கயில்லை. நீங்கள் இடம் விடாமல் ஒட்டிப்போட்டியள்."

"உவெறுமையா எப்பிடித் தொடங்கிறது. நல்ல காரியம். இத்தனை வருசத்துக்குப் பிறகு முதல் முதல் என்னைப் பாக்கப்போறீர்."

மச்சாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "என்னவாம்?"

"சுழி இல்லாமல் அனுப்பமாட்டாராம்."

"சொல்லும், அக்கா சுழியை வாயால சொல்லிப்போட்டா, நீ அனுப்பு எண்டு." சொன்னபடியே கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தா. நான் அதை அப்படியே தட்டினேன். அங்கே அவர் சிரித்திருக்கவேண்டும். சுழி தனியாக வந்தது. ஒரு "உ" மட்டும், ஒரு முழுக் கடிதமாக. அதன் கீழே முகவரி வந்து விழுந்தது. விழுந்தவுடனே நீலமாகிக் கோடும் இழுத்துக்கொண்டது.

நான் அழுத்த முதல் கையைத் துடைத்தேன். எதற்கு என்று தெரியாது.

பக்கம் வெள்ளையாகத் திறந்தது. பிறகு மேலிருந்து படம் வரத் தொடங்கியது. அந்த லைனில் படம் ஒரேயடியாக வராது, பாயை விரிப்பதுபோல் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரியும். முதலில் ஒரு வீட்டுக் கூரையின் உட்புறம். பிறகு கலர்த் தாள் மாலைகள், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். பிறகு நாலு ஆண்களின் தலைகள். நான் இடப்பக்கம் வகிடு எடுத்த அடர்த்தியான தலையைத் தேடினேன். ஒருவருக்கு முழு மொட்டை, ஒருவருக்கு நரை, ஒருவருக்கு முன்பக்கம் மயிர் இல்லை, ஒருவர் இளைஞர். நெற்றிகளோடு படம் நின்றுவிட்டது.

"உதிறந்திச்சோ?"

"பாதி வந்திருக்கு. நெத்தி மட்டும்."

"உநெத்தி நல்லா இருக்கோ?"

"நாலு நெத்தி இருக்கு. உங்கட எது?"

பிறகு: "உநீர் பாத்துச் சொல்லும்."

படம் மறுபடி இறங்கியது. புருவங்கள் வந்தன, கண்கள் வந்தன. நான் ஒவ்வொரு சோடிக் கண்ணாகப் பார்த்தேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இதற்குத்தான் பஸ் ஏறினேன், இதற்குத்தான் சாவடியில் பையைத் திறந்தேன். நாலு பேரும் எனக்கு யாரோ. மூக்குகள் வந்தன. வாய்கள் வந்தன. மச்சாளின் விரல் ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவாவும் தேடுகிறா என்று தெரிந்தது. நாடிகள் வந்தன.

பிறகு கழுத்துப் பட்டிகள் வந்தன. மூன்று பேர் மேல் பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார்கள். முன்பக்கம் மயிர் இல்லாதவர் கழுத்துவரை பூட்டியிருந்தார். கலியாண வீட்டுக்கும் பூட்டுவார், சித்திரை வெயிலுக்குள்ளும் பூட்டுவார், எத்தனை தரம் சொல்லியிருப்பேன், கழுத்தில் வேர்க்குரு போடுகிறது என்று. அந்தப் பொத்தானிலிருந்து மெதுவாகக் கண்ணை மேலே கொண்டுபோனேன். நாடி. வாய். கன்னத்தில், சிரிக்காதபோதே, அந்த மடிப்பு. நான் இரண்டு தரம் பார்த்துத் தாண்டிப் போன முகம் அது.

"இவர்தான்" என்றேன்.

மச்சாள் திரைக்குக் கிட்டக் குனிந்தா. "ஐயோ, இவன் அப்பா மாதிரியெல்லே வந்திட்டான்." அழுதா. நானா தடுப்புக்கு மறுபக்கத்தில் யாருக்கோ துணி விரித்துக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி அந்த ஆளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"கண்டன்" என்று தட்டினேன்.

"உஎப்பிடி?"

முகத்தை வைத்து இல்லை என்று எழுத மனம் வரவில்லை. "தலைமயிர் எங்க?" என்று கேட்டேன்.

"உவிசாக் கந்தோரில பிடிச்சு வைச்சிருக்கினம். கடிதம் தந்தால்தான் விடுவினமாம்."

அன்றைக்கு வேறு ஒன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை. அவரும் நானும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். நானாவின் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்தோம். அதில் கறுப்பு மை மட்டும்தான், அதுவும் தண்ணீர்த் தன்மை. நாலு பேரும் நாலு கறுப்பு முட்டையாக வந்தார்கள். மச்சாள் அதையும் மடித்துப் பைக்குள் வைத்தா. நான் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கதிரையில் இருந்தவுடன் முதல் வேலை அந்த முகவரியைத் திறப்பது. அவர் வருவதற்கு முன்னமே திறந்து வைத்திருப்பேன். அந்த முகத்தைப் பழகவேண்டியிருந்தது. மருந்தகத்தில் பெயர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போது முன்பு திடீரென்று வந்து போன முகம், முப்பத்தாறு வயது முகம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருபோதும் வரவில்லை. அதைக் கூப்பிட்டால் முன்பக்கம் மயிர் இல்லாதவர்தான் வருகிறார். அவரிலும் எனக்கு விருப்பம் வந்தது, காலம் எடுத்தது. கிட்டத்தட்ட முன்பின் தெரியாத ஒருவரைப் பெண் பார்க்க வந்த இடத்தில் பார்த்துப் பழகுவதுபோல. அதை அவருக்கு எழுதினேன். "உஇந்த மாப்பிள்ளை சரியோ?" என்று கேட்டார். விசாரித்துப் பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கி நிலைமை கெட்டது. ஒரு ஞாயிறு பஸ் ஓடினால் அடுத்த ஞாயிறு ஓடாது. ஒரு கிழமை போய் இருந்து முகவரியை அழுத்தியபோது, அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. முகவரி நீலமாகத்தான் இருந்தது, கோடும் இருந்தது. சுழியும் இல்லை, புள்ளியும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். நானாவைக் கூப்பிட்டேன். அவர் இந்த முறை தலைப் பக்கத்தையும் பார்த்தார், வாலையும் பார்த்தார். "லிங் சரி மிஸ். அந்தப் பக்கத்தில ஆள் இல்லை" என்றார்.

சிநேகிதர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார், பக்கத்தைத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை என்று என் கணவர் சொன்னார். வேறு படம் எடுத்து அனுப்புகிறேன், அடுத்த கிழமையே அனுப்புகிறேன் என்றார். நான் ஓம் என்றேன். அடுத்த கிழமை என்னால் வர முடியவில்லை. அதற்கடுத்த மாதம் நானா கடையைப் பூட்டிக்கொண்டு மறுபடி புத்தளம் போனார். துணியை எல்லாம் மலிவாக விற்றார், மச்சாளுக்கு ஒரு சீத்தைத் துண்டு சும்மா கொடுத்தார். கொம்பியூட்டர்களைச் சாக்கில் சுற்றி லொறியில் ஏற்றும்போது நான் நின்றேன்.

இப்போது ரெலிபோன் மட்டும்தான், அதுவும் கிடைக்கும்போது. அவருடைய விசாரணை இன்னும் முடியவில்லை. மச்சாள் சில பின்னேரங்களில் கேட்பா, அவன்ர முகம் உமக்கு நினைவிருக்கோ என்று. இருக்கிறது. ஆனால் முழுதாக ஒரேயடியாக வருவதில்லை. அன்றைக்குத் திரையில் வந்த மாதிரியே வருகிறது. முதலில் கூரை, கலர்த் தாள், பிறகு நெற்றி, புருவம், கண் என்று மேலிருந்து மெதுவாக இறங்கும். சில நாள் மூக்கோடு நின்றுவிடும். நான் அவசரப்படுத்துவதில்லை. கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, கழுத்துப் பொத்தான் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.